வியாழக்கிழமை என்ர வோட்டு

வாற வியாழக்கிழமை, 2016 ஜூன் 23, பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில இருக்கிறதோ விலகுறதோ எண்ட வாக்கெடுப்பில நான் ரிமெயினுக்குத்தான், அதாவது இருக்கிறதுக்குத்தான் போடப்போறன். கன நாள் யோசிச்சுத்தான் முடிவெடுத்தனான். விலகச் சொல்லுற லீவ் பக்கத்தார், கிழமைக்கு 350 மில்லியன் பவுண்ட்ஸ் ஐரோப்பிய யூனியனுக்குப் போகுது, அதை அரசாங்க வைத்திய சேவையான என்எச்எஸ்ஸுக்குக் குடுப்பம் எண்டு சிவப்பு பஸ்ஸில எழுதிக்கொண்டு திரியினம், ஆனா அப்ப பிரதமரா இருந்த தச்சர் 1984ல பேசி வாங்கின ரிபேட் எண்ட தள்ளுபடியைக் கழிச்சுப்போட்டுத்தான் காசே போகுது, பிறகு விவசாயத்துக்கு, யூனிவர்சிட்டி ஆராய்ச்சிக்கு எண்டு ஒரு பங்கு திரும்பியும் வருது, இதெல்லாத்தையும் மறைச்சு ஒரு கணக்குச் சொல்லுறது பெரிய அநியாயம்.

எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் லீவ் எண்டினம். போலந்து ஐரோப்பிய யூனியன் நாடு எண்டு போலந்துக்காரர் விசா இல்லாமல் வரலாம், ஊரில இருக்கிற பெத்த தாயைக் கூப்பிட எங்களுக்கு எவ்வளவு பேப்பர் எண்டு கேக்கினம். அந்தக் கோபம் எனக்கும் இருக்கு. ஆனா அந்த விசாச் சட்டத்தைப் போட்டது லண்டன், ஐரோப்பிய யூனியன்ர தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸ் இல்லை.

என்ர மச்சாள் பாரிஸில இருந்து பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோட வந்து லண்டன் ஹரோவில இருக்கிறா, வேலை செய்து வரி கட்டுறா, அவவுக்கு இதில வோட்டு இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டோட இங்க இருக்கிற அவவின்ர தம்பிக்கு, இலங்கை கொமன்வெல்த் நாடு எண்டபடியால், வோட்டு இருக்கு. அவவுக்கும் சேர்த்துத்தான் நான் புள்ளடி போடுறன். பதிஞ்சிருக்கிற எல்லாரும் கட்டாயம் போங்கோ, வாக்குச்சாவடி ராத்திரி 10 மணி வரைக்கும் திறந்திருக்கும்.