60ஐப் பார்த்து ஏமாந்தோம்

அம்மாவுக்கு இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலின் மிச்சம். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் பாதித் தூரம் நடக்க மூச்சு வாங்கியபோதுதான் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கப் போனோம். எடுத்த இடத்தில் "கிளினிக்கில காட்டுங்க" என்று ரிப்போர்ட்டை நீட்டியதோடு சரி. நானும் மச்சானும் போனில் தேடினோம். ஈஎஃப், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 60 சதவீதம், 55க்கு மேல் நல்லது என்றிருந்தது. வால்வு மாற்றும் ஒப்பரேஷன் லேசாக முடியும் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டோம்.

இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். அங்கே மயக்க மருந்து டொக்டர் அந்த 60ஐக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஈஎஃப் இடது பக்கப் பம்பின் கணக்கு, இந்த வருத்தத்தில் அது பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும் என்றார். வால்வு அடைபட்டால் இரத்தம் பின்னால் தேங்கி இடது மேலறை வீங்கும், நுரையீரலில் அழுத்தம் ஏறும், அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைப்பது வலது பக்கம். அவர் விரல் வைத்த வரி டாப்சி. வலது கீழறை சுருங்கும்போது அந்தப் பக்க வால்வின் ஓரம் எவ்வளவு கீழிறங்குகிறது என்ற அளவு அது, 17 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் கவனம். அம்மாவுக்கு 14. நாங்கள் அந்த வரியை வாசிக்கவேயில்லை.

"ஒப்பரேஷன் நேரம் இதயத்தின் வேலையைச் செய்யும் மெஷினை நிறுத்தி இதயத்தைத் தானாக ஓடவிடும் நேரம் வலது பக்கம் மக்கர் பண்ணலாம், மருந்தை ஆயத்தமாக வைப்போம். மேலறை பெருத்திருக்கிறபடியால் இரண்டாம், மூன்றாம் நாளில் துடிப்பும் தாளம் தப்பலாம்."

மறுகா தொண்டை வழியாக ஒரு எக்கோ. 6 மணி நேரம் பட்டினி. "மனே, எனக்குப் பனடோலே தொண்டையில நிக்கும், குழாயை எப்படி விழுங்குற?" என்று அம்மா அழுதார். ஸ்பிரே அடித்து மரக்கவைத்துத்தான் விட்டார்கள். மேலறைக்குள் இரத்தம் புகை மாதிரிச் சுழன்றதாம், ஆனால் இரத்தக்கட்டி இல்லை. கட்டி இருந்து கழன்றால் மூளைக்குப் போகும், அதனால்தான் இந்தச் சோதனை.

ஒப்பரேஷன் நேரமும் அதே குழாய்தான் உள்ளே இருந்து, புது வால்வு ஒழுகுகிறதா, காற்றுக் குமிழி மிச்சமா என்று பார்த்தது. சொன்னபடியே வலது பக்கம் முரண்டு பிடித்தது, மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மூன்றாம் நாள் மொனிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓட, அக்கா கத்தி அழுதா. எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தை ஏற்றி அடுத்த நாள் பின்னேரம் சரிக்கட்டினார்கள்.

ஊருக்கு வந்து திரும்ப எக்கோ எடுத்தபோது முதல் வேலையாக டாப்சியைத்தான் தேடினேன். 12. நெஞ்சு அடைத்துவிட்டது. கிளினிக் டொக்டர் சிரித்தார். இதய உறையைத் திறந்து செய்த ஒப்பரேஷனுக்குப் பிறகு அந்த இலக்கம் குறைத்துத்தான் காட்டுமாம், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லமுடியாதாம், ஆள் எப்படி நடக்கிறார் என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன், அம்மா அதற்குள் போய் மருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.