கொப்ரார்: ஆறு கார்டை எறிந்துவிட்டு ‘வாங்கு’ என்று எழுதியபின்

ஸ்பானிஷில் கொப்ரார் (cobrar) என்ற வினை கடைசியில் கைக்கு வந்துவிட்டது. சொற்களை மனப்பாடம் செய்ய நான் வைத்திருக்கும் கார்டு செயலியான அங்க்கியில் அதற்கு ஆறு கார்டு இருந்தது: கட்டணம் கேள், சம்பளம் பெறு, கடனை வசூலி, செக்கை மாற்று, அடிபடு, உயிரைப் பறி. எல்லாம் ஆங்கில அகராதி வழியாக வந்தவை. ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று ஞாபகத்துக்கு வரும். ஆறையும் அழித்துவிட்டுப் பின்பக்கத்தில் ‘வாங்கு’ என்று ஒரே சொல்லைப் போட்டதும் குழப்பம் நின்றது.

எழுத்துமுறை பற்றி முதலில் ஒன்று. கீழே நெடில் வரும் இடத்தில் அழுத்தம், மற்றதெல்லாம் குறில். கோப்ரொ என்றால் ‘நான் வாங்குகிறேன்’. கொப்ரோ என்றால் ‘அவர் வாங்கினார்’. கார்டிலும் இப்படியே எழுதுங்கள், காலம் மாறிப்போகாது.

‘குவான்தொ கோப்ரஸ்?’ என்றால் ‘எவ்வளவு வாங்கறே?’ வேலைக்கு வந்தவரைக் கேட்டால் கூலி, கூட்டாளியைக் கேட்டால் மாசச் சம்பளம். தமிழிலும் இதே இரட்டைப் பொருள்தான், தனியாகப் படிக்க எதுவும் இல்லை. ‘தொதவீய நொ எ கொப்ராதொ’: இன்னும் சம்பளம் வாங்கலை. சேட்டை செய்யும் பிள்ளையிடம் ‘பஸ் அ கொப்ரார்!’ என்றால் ‘வாங்கப் போறே!’ எதை வாங்குவான் என்று அங்கேயும் சொல்வதில்லை. செய்தியில் ‘எல் தெர்ரெமோதொ செ கொப்ரோ தோசெ பீதஸ்’ என்று வந்தால், நிலநடுக்கம் 12 உயிரைப் பலிவாங்கியது. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் கட்டணம் கேட்கும் இடத்தில் ‘சார்ஜ்’ என்பதை நினைத்துக் கர்கார் என்று போட்டுவிடுகிறார்கள். கடையில் ‘எவ்வளவு?’ என்று கேட்க அது உதவாது. மூட்டை ஏற்றுவதும் போனுக்குச் சார்ஜ் போடுவதும்தான் கர்கார்.

‘வாங்கு’ உடையும் இடம் இரண்டு. சட்டை வாங்குவது கொம்ப்ரார். கடன் வாங்குவது பெதீர் ப்ரெஸ்தாதொ. அதனால் கார்டில் ‘சேர வேண்டியதை வாங்கு’ என்று திருத்தியிருக்கிறேன். சொல்லின் பிறப்பும் இதற்கு ஒத்துப்போகிறது: லத்தீன் ரெகுபெராரெ ஸ்பானிஷில் ரெகொப்ரார் ஆனது, அதன் தலையை வெட்டியதில் மிஞ்சியது கொப்ரார். திரும்பப் பெறுவதுதான் அடிப்படை. சுட்ட பறவையை வேட்டைநாய் எடுத்துவருவதும், கப்பலில் கயிற்றை இழுத்துச் சேர்ப்பதும் கொப்ராரே.

அதிக நேரம் தின்றது ‘மெ’. இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் வையுங்கள். ‘கொப்ரே பேய்ன்தெ ஏவ்ரொஸ்’: 20 யூரோ வாங்கினேன், என் பைக்கு வந்தது. ‘மெ கொப்ராரொன் பேய்ன்தெ ஏவ்ரொஸ்’: என்கிட்ட 20 யூரோ வாங்கினாங்க, என் பையிலிருந்து போனது. மெ கூஸ்த (எனக்குப் பிடிக்கும்), மெ தியேரொன் (எனக்குக் கொடுத்தாங்க) என்றெல்லாம் பழகியதால் மெ வந்தாலே காது ‘எனக்கு’ என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்தால் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதே தலைகீழாகிவிடும். இந்த வினையோடு வரும்போது மெ என்றால் ‘என்கிட்ட’, லெ என்றால் ‘அவர்கிட்ட, உங்ககிட்ட’ என்று மாற்றிப் படியுங்கள். ஸ்பெயினில் காபி குடித்துவிட்டுக் காசு கொடுக்க ‘மெ கோப்ர?’ என்கிறார்கள், ‘என்கிட்ட வாங்கிக்கிறீங்களா?’ கல்லாவில் இருப்பவர் ‘லெ கோப்ரொ?’ என்றால் ‘வாங்கிக்கட்டுமா?’ மெ கொப்ராரொன் தெ மாஸ் என்றால் என்கிட்ட கூடுதலாக வாங்கிட்டாங்க. தெ மேனொஸ் போட்டால் குறைவாக.

செ இன்னும் சுலபம். நம் ‘கொள்’தான் அது. 50 யூரோ நோட்டை நீட்டி ‘கோப்ரெசெ’ என்றால் ‘வாங்கிக்கோங்க’. நிலநடுக்க வாக்கியத்தில் செ ஏன் வந்தது என்பதும் இதில் தெரிந்துவிடும்: பலிகொண்டது.

உச்சரிப்பில் கொம்ப்ரார், கொப்ரார் இரண்டையும் பிரிப்பது தமிழ் நாக்குக்குத் தனி வேலை. ம் பின்னால் வரும் ப-வை நாம் ‘பாம்பு’, ‘கம்பு’ போல மெலித்துவிடுவோம். கொம்ப்ராரில் அது ‘அப்பா’வின் ப போலக் கறாராக வர வேண்டும், மெலிந்தால் கேட்பவருக்கு வேறு வினையாகப் போய்விடும். கொப்ராரில் உள்ளது நேர்மாறு: ‘கோபம்’ என்று சொல்லும்போது உதடு முழுக்க ஒட்டாமல் நழுவுமே, அந்த ப. கோபம், கோப, கோப்ரொ என்று நாலைந்து முறை ஓட்டிவிட்டுப் பிறகு கொப்ரார் சொல்லுங்கள். உச்சரிப்பு கேட்கும் தளமான ஃபோர்வோவில் கேட்கும்போது ஸ்பெயின், மெக்சிகோ குரல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அர்த்தத்துக்கு ஸ்பானிஷ் அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இருமொழி அகராதிகளைவிட அதைத்தான் நம்புகிறேன், வேட்டைநாயும் கயிறும் அதில்தான் கிடைத்தன.

நாட்டுக்கு நாடு மாறும் சொற்களும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மெக்சிகோவின் சுங்கச்சாவடி கசேத தெ கோப்ரொ. லீமாவில் பஸ் கண்டக்டர் கொப்ரதோர். ஸ்பெயினில் வேலையில்லாதவர் உதவித்தொகை வாங்குவது கொப்ரார் எல் பாரொ.

அடுத்து இங்க்ரெசார். வங்கியில் பணம் போடுவதும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் ஒரே வினை. அதற்குத் தமிழில் ‘சேர்’ பொருந்துமா என்று 10 வாக்கியம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் கொப்ராரே முழுசாக முடியவில்லை. இறந்தகாலத்தில் மெ வரும் 4 கார்டு இன்னும் சறுக்குகிறது. மனசுக்குள் படித்தால் சறுக்குகிறது, ‘என்கிட்ட’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திருப்பினால் சரியாக வருகிறது. அந்த நாலின் முன்பக்கத்திலும் இப்போது சிவப்பில் ஓர் அம்பு, பை இருக்கும் பக்கத்திலிருந்து வெளியே போகிற மாதிரி.