சூட்கேசுக்குள் புதைத்த கொன்சேர்ட்டோ

போலந்து என்றால் ஷொப்பான், ஷொப்பான் என்றால் பியானோ, அத்தோடு சரி. மேற்கத்திய இசை முறையாகப் படித்த என் நண்பர்களிடம் கேட்டாலும் இதுதான் பதில். ஆனால் அந்த நாட்டில் பெரிய ஓர்கெஸ்ட்ராவுக்கென்றே எழுதப்பட்ட இசை அவ்வளவு கிடக்கிறது, அதில் பெரும்பகுதி வெளிநாட்டு மேடைகளில் ஒலிப்பதே அரிது. கொஞ்சக் காலமாக என் மாலைநேரங்கள் அதற்குள்தான் போகின்றன.

என்னை உள்ளே இழுத்தவர் மியெச்சிஸ்வாவ் கார்வோவிச் என்ற இசையமைப்பாளர். 1876இல் பிறந்தவர். மலையேறுவதும் படம் பிடிப்பதும் அவருக்கு இசையளவுக்கே முக்கியம். 1909 பெப்ரவரி 8ஆம் திகதி தாத்ரா மலைகளில் தனியாகப் பனிச்சறுக்கிப் போனபோது பனிச்சரிவில் அகப்பட்டு இறந்துபோனார், வயது 32. அதற்குள் ஆறு சிம்பொனிக் கவிதைகள், அதாவது வார்த்தையே இல்லாமல் ஓர்கெஸ்ட்ரா மட்டும் சொல்லும் கதைகள். ஆறாவதை முடிக்கவில்லை, ஃபிட்டல்பெர்க் என்ற நடத்துநர்தான் நிறைவு செய்தார். 1908இல் எழுதிய 'சோகக் கதை' உயிரை மாய்த்துக்கொள்ளும் ஒரு மனிதனின் மனதுக்குள் நடப்பது. அதன் உச்சத்தில் உண்மையான துப்பாக்கி வெடியொன்றை வைக்கத்தான் முதலில் நினைத்திருக்கிறார், பிறகு அது பெரிய கொங் ஒன்றின் அடியாக மாறியது. அந்த அடிக்குப் பின்னால் வரும் இசையை இரவில் தனியாகக் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டு இசைக்குறியீடு, நான் படித்தது பங்குக் கோவில் பாடகர் குழுவில். நான்கு குரல் வரிகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு ஓர்கெஸ்ட்ரா ஸ்கோரில், எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த இசைத்தாளில், இருபதுக்கு மேற்பட்ட வரிகள் ஒரே பக்கத்தில் வந்தால் முதலில் ஒன்றும் விளங்காது. கார்வோவிச் இறந்து நூறு வருடம் தாண்டிவிட்டதால் உரிமைச் சிக்கல் இல்லை, ஸ்கோர்கள் இன்ரநெற்றில் இலவசமாகவே கிடைக்கின்றன. போலந்தின் தேசிய நூலகம் 'பொலோனா' என்ற தன் தளத்தில் பழைய இசைத்தாள்களையும் ஸ்கான் செய்து போட்டிருக்கிறது. போன் திரையில் படிக்கமுடியாது. ரவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்து, பைண்ட் பண்ணி, பென்சிலோடு இருந்து கேட்கிறேன். கார்வோவிச்சின் 'லித்துவேனிய ராப்சடி'யை இப்படிக் கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. வெறும் காதுக்கு மூடுபனி மாதிரி ஒரே கலங்கலாக இருந்த இடத்தில், யார் பிடித்து நிற்கிறார்கள், யார் மெல்ல விலகுகிறார்கள், மெலடி எந்த வாத்தியத்திலிருந்து எந்த வாத்தியத்துக்குக் கைமாறுகிறது என்று வரிக்கு வரி பார்க்கலாம். அவர் சிறுவயதில் ஊரில் கேட்ட குடியானவர் பாட்டுகள்தான் அதற்குள் இருக்கின்றன, ஒரு தாலாட்டும் உண்டு. நடத்துநர் அன்ரொனி விட் வார்சா ஃபில்ஹார்மொனிக் ஓர்கெஸ்ட்ராவோடு செய்த பதிவும் இருக்கிறது, தோர்த்தலியே பிபிசி ஃபில்ஹார்மொனிக்கோடு செய்ததும் இருக்கிறது. எனக்கு விட்டின் பதிவுதான்.

சரி, இவ்வளவு நல்ல இசை ஏன் மறைந்தது? தரம் குறைவென்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. வார்சா ஃபில்ஹார்மொனிக் தொடங்கியதே 1901இல்தான். கார்வோவிச்சுக்குக் கற்பித்த நோஸ்கோவ்ஸ்கி மூன்று சிம்பொனிகள் எழுதினார், முதல் இரண்டையும் எழுதிய காலத்தில் அவற்றை வாசிக்க வார்சாவில் ஒரு நிரந்தர சிம்பொனி ஓர்கெஸ்ட்ராகூட இல்லை. (பார்வையற்றவர்களுக்காக ஒரு இசைக்குறியீட்டையும் உருவாக்கியவர் அவர்.) பிறகு போர். 1939இல் ஃபில்ஹார்மொனிக் கட்டடம் எரிந்தது. 1944இல் ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான வார்சா எழுச்சி அடக்கப்பட்டபின், ஒக்குல்னிக் தெருவில் இருந்த கிரசின்ஸ்கி நூலகத்தை ஜேர்மன் படையினர் வேண்டுமென்றே கொளுத்தினார்கள், கைப்பிரதிகளும் பழைய அச்சுகளும் இசைத்தாள்களும் சேர்ந்தே போயின. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்களையும் ஏடுகளையும் நெருப்புக்குக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு இந்த வரியைச் சும்மா வாசித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

அதே 1944இல் வார்சாவில் இருந்த லுதொமிர் ருஜித்ஸ்கி என்ற இசையமைப்பாளர் ஒரு வயலின் கொன்சேர்ட்டோ, அதாவது தனி வயலினும் ஓர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, எழுதிக்கொண்டிருந்தார். நகரம் அழிந்துகொண்டிருக்கையில் தாள்களை ஒரு சூட்கேசில் வைத்துத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வெளியேறினார். போருக்குப் பின் கட்டட வேலைக்கு வந்தவர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். தாள்கள் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, ஆனால் ஓர்கெஸ்ட்ராப் பகுதி முழுமையாக இல்லை. யானுஷ் வவ்ரொவ்ஸ்கி என்ற வயலின் கலைஞர் முன்னின்று அதை மீட்டெடுத்து, லண்டன் ரோயல் ஃபில்ஹார்மொனிக்கோடு வாசித்த பதிவு 2021இல் வந்தது. எரியும் நகரத்தில் எழுதியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு வெளிச்சமான இசை.

இன்னொரு இசையமைப்பாளர் ஆன்ட்ஜெய் பனுஃப்னிக்கின் கதை வேறு. போர் முடிந்து வந்தபோது அவருடைய கைப்பிரதிகள் எல்லாவற்றையும், அவை இருந்த அறைக்குக் குடிவந்த ஒரு பெண் குப்பை என்று எரித்திருந்தார். தன் 'துயர முன்னிசை'யை 1945இல் ஞாபகத்திலிருந்தே திரும்ப எழுதினார். நான்கே சுரங்கள் விடாமல் திரும்பத் திரும்ப வரும். நடுவில் ட்ரொம்போன் இழுக்கும் ஒரு சத்தம், தூரத்தில் விமானம் போவதுபோல. இங்கே 'சகடை' என்ற குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டுப் பங்கருக்கு ஓடி வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. 1954இல் அவர் இங்கிலாந்துக்குத் தப்பிப்போனதும் அவருடைய இசையைச் சொந்த நாட்டிலேயே தடைசெய்தார்கள்.

இந்த மூவரையும் காப்பாற்றியது தாளும் ஞாபகமும். நம்முடைய தவிலுக்கு அப்படித் தாள் இல்லை. அளவெட்டித் தெட்சணாமூர்த்தி 1975இல் போய்விட்டார், அவர் வாசித்ததில் நமக்கு மிச்சம் ஒலிநாடாவில் அகப்பட்டது மட்டும்தான். ஆகவே வீட்டு அலுமாரியில் பழைய கோவில் கச்சேரிக் கசெற் ஏதாவது இருந்தால், பூஞ்சணம் பிடிக்க முன்னம் கணினியில் ஏற்றிவிடுங்கள், அச்சுத்தாள்கள், நோட்டீசுகள் என்றால் இணையத்தில் ஆவணங்களைச் சேமிக்கும் 'நூலகம்' திட்டத்தாரிடம் கொடுக்கலாம்.

கேட்கத் தொடங்குபவர்கள் கார்வோவிச்சின் வயலின் கொன்சேர்ட்டோவில் தொடங்குங்கள், 1902இல் எழுதியது, ஹோர்ன்கள் முழங்கி வரும் தொடக்கம் எவரையும் நிமிர்த்தி உட்காரவைக்கும். பிறகு நோஸ்கோவ்ஸ்கியின் 'ஸ்டெப்', பிறகு ராப்சடி. இசையமைப்பாளர் கிராஜினா பாட்செவிச்சின் 1948ஆம் ஆண்டுக் கம்பிவாத்திய கொன்சேர்ட்டோவை இன்னும் வடிவாகப் படிக்கவில்லை. அவர் 1969இல்தான் இறந்தார், ஸ்கோர் இலவசமாகக் கிடைக்காது, காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். வாங்கத்தான் போகிறேன்.