ஒட்டுப் போடுவதா, பூச்சு அடிப்பதா, பிரித்துப் போடுவதா: பெரில் புயலுக்குப் பிறகு எங்கள் மோட்டார்ஹோம் கூரை

2024 ஜூலை 8, திங்கட்கிழமை விடிகாலையில் பெரில் புயல் டெக்சாஸின் மாட்டகோர்டா பக்கம் கரையேறி ஹூஸ்டனுக்கு வந்தது. வீட்டில் பின்பக்க வேலி சாய்ந்ததோடு சரி. என் நினைப்பெல்லாம் எங்கள் மோட்டார்ஹோம் மேலேயே இருந்தது, உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி அது. எங்கள் குடியிருப்புச் சங்கம் மோட்டார்ஹோமை வீட்டு வாசலில் நிறுத்த விடாது. அதனால் எங்களுடைய 28 அடி வண்டி நகரத்துக்கு வடமேற்கே, பைன் மரங்கள் ஓரம் உள்ள ஒரு ஸ்டோரேஜ் லாட்டில் நிற்கிறது.

மறுநாளே கிளம்பிப் போனேன். ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாத நேரம், வழியெங்கும் சிக்னல் எரியவில்லை. 25 நிமிடப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆனது. போய்ச் சேர்ந்தால் லாட்டின் கேட் திறக்கவில்லை. கோட் அமுக்கும் பெட்டியிலும் மின்சாரம் இல்லை, அலுவலகத்தில் ஆளும் இல்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் எங்கள் வண்டியின் கூரைமேல் ஒரு பெரிய கிளை கிடப்பது தெரிகிறது, கிட்டே போக முடியவில்லை. இதே மாதிரி லாட்டில் வண்டி விட்டிருப்பவர்கள், மின்சாரம் போனால் கேட்டை எப்படித் திறப்பது, யாரைக் கூப்பிடுவது என்று புயல் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைதான் உள்ளே போக முடிந்தது. கதவைத் திறந்ததும் என் மனைவி, "என்னங்க, நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வருது" என்றாள். மூன்று நாள் வெயிலில் மூடிக் கிடந்த ஈரம். மேலே ஏறிப் பார்த்தேன். பின்பக்க ஏசிக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் ஒரு சாண் நீளம் கிழிந்து உள்ளேயிருந்து கறுப்பு தெரிந்தது. எங்கள் வண்டிக்கு ஈபிடிஎம் என்கிற ரப்பர் கூரை, மேலே வெள்ளை, அடியில் கறுப்பு. குளியலறை மேலிருந்த ஸ்கைலைட் மூடியும் உடைந்திருந்தது.

அன்று பதற்றத்தில் ஒரு தவறு செய்தேன். வீட்டு ஜன்னலுக்கு வாங்கி வைத்திருந்த சிலிக்கோனைக் கிழிசல் முழுக்கப் பூசிவிட்டேன். தண்ணீர் நின்றது உண்மைதான். ஆனால் சிலிக்கோன் பட்ட இடத்தில் சிலிக்கோனைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. யாராவது ஒட்டுப் போட வேண்டுமென்றால் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி. பெட்ரோலியக் கரைப்பான் வைத்துத் துடைத்தால் ஈபிடிஎம் உப்பிக்கொள்ளும், அதுவும் கூடாது. புயல் நாளில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நல்ல கனமான தார்ப்பாயை, காற்றில் படபடக்காமல், மூலைகளுக்கு அடியில் பழைய துணி வைத்து இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாகக் கட்டிய பாய் அடித்து அடித்தே ரப்பரைத் தேய்த்துவிடும். கட்டுவதற்கு முன் படம் எடுங்கள், கிளையை நகர்த்துவதற்கும் முன்பே எடுங்கள்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் பதிவு செய்தது எளிது, காம்ப்ரிஹென்சிவ் (புயல் மாதிரி சேதங்களுக்கும் சேர்த்த காப்பீடு) இருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம்தான் தொல்லை. நேரில் யாரும் வரவில்லை, படங்களை ஆப்பில் ஏற்றச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மதிப்பீடு வந்தது: ஒரு ஒட்டு, ஒரு ஸ்கைலைட், மொத்தம் 640 டாலர். என் டிடக்டிபிள், அதாவது என் கையிலிருந்து போக வேண்டிய பங்கு, 500. ஆக எனக்கு வருவது 140 டாலர். கூரையின் மற்ற பகுதிகளைப் பற்றி ஒரே வரிதான், "வயதினால் ஏற்பட்ட தேய்மானம், பராமரிப்புக் குறைவு". அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை கூரையில் முழங்கால் போட்டு ஒவ்வொரு விளிம்பையும் பார்த்து, நீர் புகாதபடி சீலண்ட் பூசுகிறவன் நான்.

இதற்கிடையில் மூன்று பட்டறைகளில் கேட்டேன். முதல் ஆள், கிழிசல்மேல் எட்டர்னாபாண்ட் என்கிற டேப் ஒட்டினால் போதும், 450 டாலர் என்றார். இரண்டாமவர், கூரை முழுக்கத் திரவப் பூச்சு அடித்துவிடலாம், 3,800 என்றார். மூன்றாவது இடத்தில் ஷீட்டையே பிரித்துப் புதிதாகப் போட வேண்டும், வண்டி நீளத்தில் அடிக்கு 325 வீதம் 9,100, பலகை கெட்டிருந்தால் அது தனி என்றார்கள். 450-க்கும் 9,100-க்கும் நடுவில் நான் எதை நம்புவது? மூன்று பேரில் ஒருவர்கூட உள்ளே ஏறிப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆஸ்டினில் இருக்கும் ஒரு அண்ணா பல வருடமாக இப்படி வண்டி வைத்திருக்கிறார். போனில் எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, ரப்பரைப் பத்தி அப்புறம் பேசலாம். அடியில இருக்கிற பலகையைப் பாக்காம எவன்கிட்டயும் கையெழுத்துப் போடாதே" என்றார். இந்த முழு விஷயத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான்.

வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து பார்க்கும் ஒரு டெக்னீஷியனை 175 டாலர் கொடுத்து வரவழைத்தேன். அவர் கூரைக்கு ஏறவே இல்லை. உள்ளே, ஏசியின் கீழ்மூடியைக் கழற்றினார். அங்கே 14 அங்குலச் சதுரத் துவாரம் இருக்கும். அதன் விளிம்பில் கூரையின் குறுக்குவெட்டு அப்படியே தெரிகிறது: சீலிங், ஃபோம், மேலே ஓஎஸ்பி பலகை (மரச் சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்தது). டார்ச் அடித்துக் காட்டினார். பலகை ஊறி, அடுக்கடுக்காகப் பிரிந்து உப்பியிருந்தது. ஈரப்பத மீட்டரின் ஊசியைக் குத்திக் குத்திப் பார்த்தோம். வண்டியின் முன்பாதியில் 9, 10 சதவீதம் என்று காட்டியது. ஏசியைச் சுற்றி 28, 30. கிழிசலிலிருந்து நான்கடி தள்ளிக்கூட 24. 20-ஐத் தாண்டிய மரம் உளுத்துப்போக ஆரம்பிக்கும் என்றார்.

அந்த எண்களைப் பார்த்த பிறகு குழப்பமே இல்லை. டேப் நல்ல பொருள்தான், ஒட்டினால் பிய்க்கவே முடியாது. பூச்சும் நல்ல முறைதான். பலகை காய்ந்திருந்தால் நான் 450 டாலர் டேப்பையே தேர்ந்தெடுத்திருப்பேன். ஈரப் பலகைக்கு மேல் எதைப் போட்டாலும் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். பிரித்தே ஆக வேண்டும்.

இனி இன்சூரன்ஸை நேரில் வரவைக்க வேண்டும். ஆகஸ்ட் 13 என்று நாள் குறித்தார்கள். நான் அரை நாள் லீவு போட்டு வண்டியிடம் காத்திருந்தேன். அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் ஆள், கேட் வரை வந்து, பட்டியலில் தன் பெயர் இல்லை என்று லாட்காரர்கள் உள்ளே விடாததால் திரும்பிப் போய்விட்டார். நான் உள்ளேதான் இருந்தேன், எனக்கு ஒரு போன்கூட இல்லை. வருபவர் பெயரை முதல் நாளே லாட் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் ஒருவழியாக வந்தார். நல்ல மனிதர், மீட்டரைத் தானே குத்திப் பார்த்தார். ஆனாலும் "விளிம்புகளைப் பராமரித்ததற்கு ரசீது இருக்கிறதா?" என்றார். பட்டறையில் கொடுத்துச் செய்திருந்தால்தானே ரசீது இருக்கும்? அங்கேயே போனைத் துழாவினேன். மார்ச்சில் டைகார் சீலண்ட் நான்கு டியூப் வாங்கிய பில் ஈமெயிலில் கிடைத்தது. அதே வாரம், ஏசி விளிம்பைப் பூசி முடித்ததும் நான் எடுத்த படமும் தேதியோடு இருந்தது. என் மகன் சீலண்ட் துப்பாக்கியோடு நிற்பதைத்தான் எடுத்தேன், பின்னால் கூரை முழுசாக, கிழிசல் இல்லாமல் தெரிகிறது. அவர் அதைத் தன் ஈமெயிலுக்கு அனுப்பச் சொன்னார். தேய்மானம் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

பதில் இழுத்தபோது ஒரு கடிதம் எழுதினேன். டெக்சாஸ் சட்டப்படி, கேட்ட காகிதமெல்லாம் கைக்கு வந்த 15 வேலை நாளில் கிளெய்மை ஏற்கிறார்களா மறுக்கிறார்களா என்று சொல்லியாக வேண்டும். பெரிய இயற்கைச் சேதத்துக்கு மேலும் 15 நாள் கிடைக்கும், அதையும் நானே குறிப்பிட்டேன். கோபமாக ஒரு வார்த்தை இல்லை, தேதிகள் மட்டும். நான்காம் நாள் பதில் வந்தது: 9,200 டாலர் ஒப்புதல்.

அக்டோபரில் வேலை நடந்தது. இந்த முறை டிபிஓ என்கிற பிளாஸ்டிக் வகை ஷீட் போட்டோம். ஆர்டர் தாளில் ஒரு வரி கேட்டு எழுத வைத்தேன்: பழைய ஷீட்டைப் பிரித்ததும் வெறும் பலகையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், நான் சரி சொன்ன பிறகே புதியது ஒட்ட வேண்டும். படம் வந்தது. ஒரே ஒரு பலகையை மாற்றிவிட்டு மூடப் பார்த்தார்கள், பக்கத்துப் பலகையின் ஓரமும் கறுத்திருந்தது. போன் செய்து அதையும் மாற்ற வைத்தேன். அதைக் கவனித்ததில் எனக்கு உண்மையிலேயே பெருமை. என் சிலிக்கோனைச் சுரண்டிய இரண்டு மணி நேரக் கூலியும் பில்லில் இருந்தது, மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

மொத்தம் 9,840. ஒப்புதலான 9,200-ல் டிடக்டிபிள் போக 8,700 வந்தது, 1,140 என் கைக்காசு. டெக்னீஷியனுக்குக் கொடுத்த 175 டாலரை மட்டும் இன்சூரன்ஸ்காரர்கள் இன்னும் தரவில்லை. அந்த மீட்டர் அளவுகளை வைத்துத்தான் அவர்களே முடிவெடுத்தார்கள், அதனால் நான் விடுவதாக இல்லை. ரசீதைத் திங்கட்கிழமை மூன்றாவது முறையாக அனுப்பியிருக்கிறேன்.