முள்ளுக்கம்பியும் வெருளியும்

நேற்றுப் பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடையும் கையுமாக நின்று, தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் கொட்டாஞ்சேனை அண்ணன். இருபது வருடமாகக் கப்பல் வேலை.

"தம்பி, அந்தக் கப்பலைப் பார். சுமை கூடி எவ்வளவு பதிவாக நிற்குது. ஏணி கொளுவினால் கடற்கொள்ளையர் ஏறிவிடுவாங்கள்."

சோமாலியாப் பக்கம் போகும்போது தளத்தைச் சுற்றி முள்ளுக்கம்பிச் சுருள் கட்டுவார்களாம். பழைய ஓவரோலுக்குள் கந்தல் அடைத்து, ஹெல்மெட் மாட்டி, ஓரத்தில் நிறுத்துவார்களாம். நம்ம வயல் வெருளியேதான்! ஒரு ராத்திரி அதனிடம் போய் "மச்சான், தேத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டிருக்கிறார் மனுசன்.

சிரித்தேன். ஆனால் 2017 மார்ச் ஞாபகம் வந்தது. ஜிபூத்தியிலிருந்து மொகதிசுவுக்கு எண்ணெய் கொண்டுபோன ஏரிஸ் 13 கப்பலைப் பிடித்தார்களே, அதிலிருந்த 8 பேரும் இலங்கையர். 2012க்குப் பிறகு அந்தப் பக்கம் கடத்தப்பட்ட முதல் வணிகக் கப்பல் அது. நல்லகாலம், கப்பம் இல்லாமலே சில நாட்களில் விட்டார்கள். அப்புறம் 2024 ஜனவரியில் நம்ம மீன்பிடிப் படகு ஒன்று, 6 பேரோடு. சீஷெல்ஸ் படையினர் மீட்டார்கள். மீன் படகில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதைத் தாய்க்கப்பலாக, அதாவது தங்கள் சின்னப் படகுகளுக்குத் தளமாக வைத்துத்தான் ஆழ்கடலுக்குப் போய்ப் பெரிய கப்பலைத் தேடுவார்கள்.

சரி, அண்ணனுக்கு அடுத்த மாதம் திரும்பவும் அந்தப் பக்கம்தான் பயணம். அண்ணியிடம் "துபாய் ரூட்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாராம். அண்ணி முகநூலில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.