வரைபடம் இல்லாத ஆணை

இஸ்ரேல் விசாவுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். விடுப்புக் கடிதத்தில் கல்லூரி முத்திரை மங்கலாக இருக்கிறது என்று சொல்லி முகவர் அலுவலக எழுத்தர் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பினார் என்பதையும், முத்திரையை அழுத்தமாகக் குத்திக்கொண்டு வந்தபின் கடிதத்தை அவர் படிக்கவே இல்லை என்பதையும் மட்டும் பதிவுசெய்துவிட்டு, அதற்குப் பிறகு பட்ட பாடுகளுக்கு வருகிறேன். 1967 முதல் இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையின் தென் ஹெப்ரோன் மலைகளுக்கு, பாலஸ்தீன மேய்ப்பர்களுக்குத் துணையாகச் சனிக்கிழமைகளில் செல்லும் இஸ்ரேலிய யூதர்களோடு போய்வர வேண்டும் என்பதே என் எண்ணம்.

இந்த எண்ணம் தமிழ் வழியாகவே வந்தது. ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்பித்த டேவிட் ஷுல்மனின் ஆய்வுகளைப் படிக்கும் எவரும், 2016இல் தமக்குக் கிடைத்த இஸ்ரேல் பரிசுத் தொகையை அவர் 'தஆயுஷ்' என்ற அமைப்புக்கு வழங்கிவிட்டார் என்ற செய்தியைக் கடந்துதான் வந்திருப்பார்கள். 2000ஆம் ஆண்டில் பாலஸ்தீனர்களும் யூதர்களும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது; அந்தச் சனிக்கிழமைப் பயணங்களை நடத்துவதும் அதுதான். அலுவலக மேசை, வரவேற்பாளர், விண்ணப்பப் படிவம் என்று எதையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், வெள்ளிக்கிழமை பிற்பகலில் யாரேனும் அழைத்து, மறுநாள் காலை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வார்கள்.

விமான நிலையக் கேள்விகளுக்குப் பொய் சொல்லாமல் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். இஸ்ரேலைப் புறக்கணிக்க அழைப்பு விடுக்கும் வெளிநாட்டவரின் நுழைவை மறுக்க 2017இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் இடம் தருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் முத்திரை குத்தாமல் கொடுக்கும் அந்த நீலத் துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். மலையில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

முதல் சனிக்கிழமை வீணாயிற்று. ஓய்வுநாள் என்பதால் மேற்கு ஜெருசலேமில் பேருந்து கிடையாது. முன்பதிவு செய்த டாக்ஸி வரவில்லை. கிழக்குப் பகுதியிலிருந்து ஒரு ஓட்டுநரைப் பிடித்து, குழுவின் வண்டி கிளம்பும் தறுவாயில் போய் ஏறினேன். மலைச்சாலைத் திருப்பத்தில் காவலர்கள் நிறுத்தி, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, விளக்கு, டயர், பின் இருக்கைக்காரர்களின் இடைவார் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, எல்லாம் சரியாக இருந்ததில் எரிச்சலுற்றவர்கள் போல மறுபடியும் உரிமத்திலிருந்து தொடங்கினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, துணைக்கு ஆள் இல்லாத மேய்ப்பர்கள் ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிச் சென்றுவிட்டிருந்தார்கள். குடித்த தேநீரைத் தவிர அன்று சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த முறை அதே மலைகளில் உள்ள மசாஃபர் யட்டா என்ற வட்டாரத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போனோம். 1980களின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தைத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிப் பகுதி 918 என்று இராணுவம் அறிவித்தது. அங்கே வாழும் ஏறத்தாழ ஆயிரம் பேரை வெளியேற்றத் தடையில்லை என்று 2022 மே மாதத்தில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் சென்றது அதே ஆண்டின் இலையுதிர் காலம். (2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே நிலைமை மிகக் கடுமையாகிவிட்டது என்பதால், நான் எழுதுவதை அப்படியே இன்றைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.)

ஆடுகள் சரிவில் மேயத் தொடங்கியதும், எதிர்க் குன்றில் யூதக் குடியேற்றவாசிகள் அமைத்த அனுமதியற்ற குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞன் நான்கு சக்கர வண்டியில் இறங்கி வந்து, அதை மந்தைக்குள்ளேயே செலுத்தினான். ஒரு சினையாட்டின் பின்னங்கால் முறிந்தது. நான் படம்பிடித்துக்கொண்டிருந்தேன், முகம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. சற்று நேரத்தில் வந்த இராணுவ ஜீப், அவனை விட்டுவிட்டு நேராக எங்களிடம் வந்தது. இது மூடப்பட்ட இராணுவப் பகுதி, கலைந்து செல்லுங்கள் என்று அதிகாரி தம் கைப்பேசியில் ஓர் ஆணையைக் காட்டினார்.

எங்கள் குழுவில் இருந்த, எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த ஆணையைப் படித்த நிதானத்தை எவரும் கற்றுக்கொள்ள வேண்டும். கையொப்பம் இருந்தது, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இருந்தன, வரைபடம் இல்லை. எல்லை எதுவென்று தெரியாமல் எதிலிருந்து வெளியேறுவது என்று அவர் கேட்டார். விவசாயிகளைக் காப்பதாகச் சொல்லி அவர்களுடைய நிலத்தையே அவர்களுக்கு மூடக்கூடாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் நகலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதிகாரி அதை வாங்காமல் யாரையோ தொலைபேசியில் அழைத்தார். வரைபடம் வந்து சேரும்வரை ஆடுகள் மேய்ந்தன. வந்த வரைபடத்தில் ஓடைப் பள்ளம் கோட்டுக்கு வெளியே விழுந்திருந்ததால், மந்தையை அங்கே இறக்கி மேய்ச்சலைத் தொடர்ந்தோம். மேய்ப்பர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

வெளிநாட்டவர் இந்த வாக்குவாதத்தில் வாய் திறக்கக் கூடாது. கைதானால் இஸ்ரேலியரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். அதே இடத்தில் அதே செயலுக்குக் கைதாகும் பாலஸ்தீனர் இராணுவ நீதிமன்றத்துக்குப் போகிறார். உங்களையோ நாடு கடத்திவிடலாம்.

தாளை வைத்துத் தாளோடு போராடும் இந்த முறையால் ஆக்கிரமிப்பு ஒழியாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றிய சண்டை வண்டிக்குள்ளேயே நடந்தது. இராணுவத்திடம் புகார் அளிப்பது அதன் அநீதிக்குத் திரை போடவே உதவுகிறது என்று சொல்லி, 1989இல் தொடங்கிய 'பெத்செலெம்' மனித உரிமை அமைப்பு 2016இல் இராணுவச் சட்ட அமைப்புக்குப் புகார்களை அனுப்புவதையே நிறுத்திக்கொண்டது. அதுவே சரி என்றார் ஓட்டுநர். ஆட்டின் கால் முறிந்தவருக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று ஆசிரியை கேட்டார். 1967 போர் முடிந்து சில மாதங்களில், செப்டம்பர் 22 அன்று, ஆக்கிரமிப்பிலிருந்து உடனே வெளியேற வேண்டும் என்று பன்னிரண்டு பேர் 'ஹாரெட்ஸ்' நாளிதழில் கட்டண அறிவிப்பு வெளியிட்டதையும், 1988 முதல் 'கறுப்புடைப் பெண்கள்' என்ற குழுவினர் ஆக்கிரமிப்பை எதிர்த்து வெள்ளிக்கிழமைகளில் ஜெருசலேம் நாற்சந்தியில் நிற்பதையும் அவர் குறிப்பிட்டபோது, அத்தனை ஆண்டுகளாகச் சொல்லி என்ன ஆயிற்று என்பதுதான் ஓட்டுநரின் மறுமொழி. நான் ஆசிரியையின் பக்கம். ஆனால் ஓட்டுநருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

புகார் அளிக்கப் போன இடம் இன்னும் மோசம். காவல் நிலையம் குடியேற்றவாசிகளின் குடியிருப்புப் பகுதிக்குள் இருந்ததால், அழைத்துச் செல்லக் காவலர் வரும்வரை மேய்ப்பர் வாயிலிலேயே நிற்க வேண்டியிருந்தது. உள்ளே போனால், அரபு பேசும் விசாரணையாளர் அன்று பணியில் இல்லை, நாளை வாருங்கள் என்றார் மேசையில் இருந்தவர். ஆசிரியை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தாம் மொழிபெயர்ப்பதாகச் சொன்னார். அது விதியில் இல்லை என்றார்கள். எந்த விதி என்று கேட்டார். மாலையில் விசாரணையாளர் எங்கிருந்தோ வந்தார். இங்கே ஒரு யோசனை: காணொளியின் மூலப் பிரதியை ஒப்படைக்காதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள்; புகார் எண் எழுதிய சீட்டைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மேய்ப்பர்களின் முகம் உள்ள படங்களை நண்பர்களிடம் ஒப்படைத்துவிட்டு, விமான நிலையம் போவதற்குமுன் உங்கள் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். திரும்பும்போது நடக்கும் சோதனை, வரும்போது நடந்ததைவிட நீளமானது.

ஊர் திரும்பிய பிறகு ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. குற்றம் செய்தவர் யாரென்று தெரியவில்லை என்ற காரணத்தோடு புகாரை மூடிவிட்டார்கள். இத்தகைய வழக்குகளைக் கவனிக்கும் 'யெஷ் தின்' அமைப்பின் பதிவுகளில் இந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அறிந்திருந்தும், அந்த முகத்தைப் படம்பிடித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னமும் ஆறவில்லை. மேல்முறையீட்டுக்கு என் சாட்சியத்தை உறுதிமொழிப் பத்திரமாக அனுப்ப முடியுமா என்று அவர் கேட்டிருந்தார். எங்கள் ஊர் நோட்டரி வழக்கறிஞர் இரண்டு முறை படித்துவிட்டு, சம்பவ இடம் எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று கேட்டார். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கையொப்பமிட மறுத்தார். வட்டம் யட்டா, மாவட்டம் ஹெப்ரோன் என்று எழுதியதும் முத்திரை குத்திக் கொடுத்தார். பத்திரம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது.