பத்து நாள் கெடு, அதில் எட்டு நாளை வீணாக்கினேன்

ஐந்து நாள் சம்பளமில்லாத சஸ்பென்ஷன் என்று கடிதம் கைக்கு வந்த அன்று, காருக்குள் உட்கார்ந்து அதை நாலு தடவை படித்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலகத்தில், அதாவது கவுன்ட்டி போலீஸ் அலுவலகத்தில், ரெக்கார்ட்ஸ் பிரிவு கிளார்க் நான். (எந்தக் கவுன்ட்டி என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் வேலை.) ஒரு கோப்பு தப்பான ஆளுக்குப் போய்விட்டது, அனுப்பியது நான்தான் என்று குற்றச்சாட்டு.

வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல் ஒரு வாரம் ஓட்டினேன். எட்டாவது நாள்தான் யூனியன்காரரைப் பிடித்தேன், அவர் முதலில் கேட்டதே "கடிதம் என்றைக்குக் கையில் வந்தது?" என்பதுதான். பத்து நாளுக்குள் சிவில் சர்வீஸ் கமிஷனிடம் எழுத்தில் விசாரணை கேட்கவேண்டுமாம், தவறினால் போச்சு. அன்று இரவே ஒரு பக்கம் எழுதி, மறுநாள் நேரில் கொடுத்து, தேதி முத்திரை வாங்கிக்கொண்டேன்.

சிவில் சர்வீஸ் என்றதும் நமக்கு ஐ.ஏ.எஸ். ஞாபகம் வரும், இது வேறு. ஷெரிஃப் அலுவலக ஊழியர்களுக்காகக் கவுன்ட்டியில் இருக்கும் மூன்று பேர் குழு. ஆறு வருடப் பதவி, சம்பளம் கிடையாது, ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இது எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1958 நவம்பரில் இனிஷியேட்டிவ் 23 என்று வாக்குச்சீட்டில் வைத்து மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம்! இங்கே ஷெரிஃப் தேர்தலில் ஜெயித்து வருகிறவர், புதியவர் வந்ததும் பழைய ஆட்களைத் தூக்கிவிட்டுத் தன் ஆட்களை வைக்காமல் இருக்கத்தான் இந்தக் கமிஷன். இன்றும் சில மேல்மட்டப் பதவிகளுக்கு மட்டும் அவர் விருப்பப்படி ஆள் போடலாம், என்னைப்போன்ற கிளார்க்குகளை முடியாது.

விசாரணை பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், நான் வைக்கவில்லை. இத்தனை வருடம் ஒரு மெமோகூட வாங்காதவன் என்று உருக்கமாக ஒரு பேச்சுத் தயாரித்துப் போயிருந்தேன், இரண்டாவது நிமிடமே கமிஷன் தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அரசியல் காரணமா, மதக் காரணமா, இல்லையென்றால் நேர்மையாக, தகுந்த காரணத்தோடு எடுத்த நடவடிக்கையா, அவர்கள் பார்ப்பது அவ்வளவுதானாம். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அவர் செய்தது சரி, அந்தப் பேச்சால் ஒரு பைசா பிரயோஜனம் இருந்திருக்காது.

என்னைக் காப்பாற்றியது ஷிப்ட் அட்டவணை. கோப்பு போன நேரத்தில் நான் வீட்டுக்குக் கிளம்பி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது, கம்ப்யூட்டரில் மட்டும் என் பெயரிலேயே லாகின் திறந்து கிடந்தது. லாக்-அவுட் செய்யாதது உங்கள் தப்புத்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல?

ஐந்து நாள் ஒரு நாளாகக் குறைந்தது. பாக்கி நாலு நாள் சம்பளம் அடுத்த செக்கில் வந்துவிட்டது. மேலே போகவேண்டுமென்றால் சுப்பீரியர் கோர்ட் இருக்கிறது, 30 நாள் கெடு என்றார் யூனியன்காரர். ஒரு நாள் சம்பளத்துக்காக வக்கீலுக்கு அழுவதா? விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்தாலே முதலில் லாக்-அவுட்தான்.